சிவப்பு நீலமானால் காய்கறியில் நஞ்சு உண்டா?

மொரீஷியஸின் போர்ட் லூயிஸுக்கு அருகிலுள்ள ஒரு கோயிலில் காவடிக் காலத்து அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கும் பொறுப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தங்க நானோ துகள்கள் கலந்த சிவப்புத் திரவத்தில் கீரை கழுவிய நீரைச் சில துளிகள் விட்டதும் அது நீலமாக மாறுவதைக் காட்டி, "பாருங்கள், பூச்சிமருந்து" என்று ஒருவர் சொல்லும் காணொளியைப் பார்த்துவிட்டு, அது உண்மையா, அந்தத் திரவத்தை வாங்கி நாமே சோதிக்கலாமா, நிறம் மாறாவிட்டால் காய் சுத்தம் என்று கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஒரு நிற மாற்றத்தை மட்டும் நம்பி, நூற்றுக்கணக்கானோர் சாப்பிடும் சமையலில் ஒரு கூடைக் காயைச் சேர்க்கவோ தள்ளவோ செய்யலாமா என்பது. உணவு வேதியியல் படித்து, காய்கறியில் தங்கும் பூச்சிமருந்து எச்சத்தைப் பரிசோதிக்கும் கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நஞ்சியல் மருத்துவம் என் துறையன்று. இவ்வளவு எச்சம் இன்னாருக்கு இன்ன கெடுதல் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டறிகிறார்கள், அந்த வழிகளில் எதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வரையில்தான் என் பதில்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. தங்கம் மிக நுண்ணிய துகளாகும்போது மஞ்சள் நிறத்தை இழந்து ஒயின் போன்ற சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்; அவர் தயாரித்த சிவப்புக் கரைசல்கள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. 13 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள், ஏறக்குறைய 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியோடு ஒத்ததிர்ந்து அதை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாக வருகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கூட்டமாகத் திரண்டால் அந்த ஒத்ததிர்வு 600 முதல் 700 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது கரைசல் ஊதாவாகவும் பிறகு நீலமாகவும் தெரியும். சாதாரணச் சாய மூலக்கூறு ஒன்று உறிஞ்சும் ஒளியைவிட இத்தகைய துகள் ஒன்று ஆயிரம் மடங்குக்கும் மேல் உறிஞ்சுவதால், மிகச் சிறிதளவு தங்கமே வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தந்துவிடுகிறது. எனவே காணொளியில் நீங்கள் பார்த்த நிற மாற்றம் கண்கட்டு வித்தையில்லை. அது எதற்காக மாறியது என்பதில்தான் சிக்கல்.

இந்தக் கரைசலைத் தயாரிக்க 1951 முதல் பரவலாகக் கையாளப்படும் வழி, தங்க உப்பைக் கொதிநிலையில் சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) கொண்டு ஒடுக்கி உலோகத் துகளாக்குவது. சிட்ரேட் துகள்களின் மேல் ஒட்டி அவற்றுக்கு எதிர்மின்னூட்டம் கொடுக்கிறது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. அந்த விலக்கத்தைக் குலைக்கும் எதுவும் சிவப்பை நீலமாக்கிவிடும். கந்தகமோ நைட்ரஜனோ கொண்ட சில பூச்சிமருந்துகளும் பூஞ்சைக்கொல்லிகளும் தங்கத்தின் மேல் இறுகப் பற்றிச் சிட்ரேட்டை வெளியே தள்ளி அதைச் செய்யும் என்பது உண்மை. சமையல் உப்பைக் கரைத்த வெறும் நீரும் அதையே செய்யும் என்பதும் அதே அளவு உண்மை. அமிலம் செய்யும், வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் செய்யும். நீங்கள் விவரித்த காணொளியில், மருந்தே தெளிக்காத அதே வகைக் கீரையைக் கழுவிய நீரை இன்னொரு குப்பியில் விட்டு அது சிவப்பாகவே நிற்கிறதா என்று காட்டியதாகத் தெரியவில்லை. அந்த ஒப்பீடு இல்லாத சோதனைக்கு வேதியியலில் மதிப்பு இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

துகள் தானாகப் பூச்சிமருந்தை அடையாளம் காண்பதில்லை என்பதால், அடையாளம் காணும் வேலையை வேறொரு பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, நிறம் காட்டும் வேலையை மட்டும் தங்கத்துக்குக் கொடுப்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்பற்றும் வழி. அவற்றுள் பழையதும் புரிந்துகொள்ள எளியதும் நொதி (என்சைம்) வழி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரு வகை மருந்துகளும் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. அந்த நொதியைக் குப்பியில் எடுத்து, அசிட்டைல்தயோகோலின் என்ற பொருளை அதற்குக் கொடுத்தால், நொதி அதைப் பிளந்து தயோகோலினை வெளியிடும். தயோகோலினில் தங்கத்தைப் பற்றும் கந்தகமும் உண்டு, நேர்மின்னூட்டமும் உண்டு. ஆகவே துகள்கள் திரண்டு கரைசல் நீலமாகும். காய்ச்சாற்றில் மருந்து இருந்தால் நொதி முடங்கும், தயோகோலின் பிறக்காது, கரைசல் சிவப்பாகவே நிற்கும். கவனியுங்கள்: இந்த முறையில் நீலம்தான் நல்ல சேதி, சிவப்பு நின்றால்தான் எச்சரிக்கை. காணொளிக்காரர் சொன்னதற்கு இது நேர் எதிர். எந்த முறை என்று தெரியாமல் நிறத்தை மட்டும் பார்ப்பவர் நல்ல காயைக் கொட்டிவிட்டுக் கெட்ட காயைச் சமைக்கவும் கூடும்.

நொதி வழிக்கு இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. இரண்டும் வேதியியலிலேயே பொதிந்தவை, கருவியை மேம்படுத்தி நீக்கக் கூடியவை அல்ல. நொதியைத் தாக்காத மருந்து எதுவும் இதில் தெரியாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் நரம்பின் சோடியம் வாயில்களைத் தாக்குபவை. இமிடாக்ளோப்ரிட், அசிட்டாமிப்ரிட் போன்ற நியோநிக்கோட்டினாய்டுகள் ஏற்பிகளைத் தாக்குபவை. மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி, கிளைபோசேட் களைக்கொல்லி. இவை எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனை வாய் திறக்காது. அடுத்து, குளோர்பைரிபாஸ், மாலத்தியான், பாரத்தியான் முதலியவற்றில் பாஸ்பரசோடு கந்தகம் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது; அந்த வடிவில் அவை நொதியை மந்தமாகத்தான் தாக்கும். உயிரின் உடலுக்குள் போய்க் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய பிறகே அவை முழு வீரியம் பெறுகின்றன. ஆய்வகத்தில் புரோமின் நீர் போன்றவற்றால் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். கோயில் மடைப்பள்ளியில் புரோமின் நீரைக் கையாளச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது வழி எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பூசிய பட்டைகள். கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் மூக்கில் குச்சிவிட்டுச் சோதித்த பட்டையின் சிவப்புக் கோடுகளும் பெரும்பாலும் தங்க நானோ துகள்களால் ஆனவையே. பூச்சிமருந்துப் பட்டையை வாசிக்கும் முறை மட்டும் வேறு. வைரஸின் புரதம் பெரியது; அதன் இரு பக்கங்களை இரண்டு எதிர்ப்பொருள்கள் பிடித்துக்கொள்ள, நோய் இருந்தால் கோடு தோன்றும். பூச்சிமருந்து மூலக்கூறு மிகச் சிறியது. இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் பிடிக்க அதில் இடமில்லை. ஆகவே பட்டையில் முன்பே பதித்துவைத்த மருந்தும் காய்ச்சாற்றிலுள்ள மருந்தும், தங்கம் ஏற்றிய எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடுமாறு அமைத்திருப்பார்கள். சாற்றில் மருந்து அதிகமானால் சோதனைக் கோடு மங்கி மறையும். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் நின்றால் எச்சம் உண்டு என்று பொருள். கோவிட் பட்டைக்குப் பழகிய கண் இதைத் தலைகீழாக வாசித்துவிடும் என்பதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். இன்று கடையில் வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவர் ஆய்வகத்துக்கு வெளியே பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ள நானோ துகள் முறை எது என்று கேட்டால், என் மதிப்பீட்டில் இதுதான். ஒரு பட்டை ஒரு மருந்தையோ ஒரு சிறு குடும்பத்தையோ மட்டுமே பார்க்கும் என்பது அதன் விலை.

எதிர்ப்பொருளுக்குப் பதிலாக ஆப்டமர் எனப்படும் குறுகிய டி.என்.ஏ. இழைகளைப் பயன்படுத்தும் கட்டுரைகள் ஏராளம். இழை தங்கத்தின் மேல் படர்ந்து அதை உப்பிலிருந்து காக்கும். குறிவைத்த மருந்து வந்தால் இழை அதைப் பற்றிக்கொண்டு தங்கத்தை விட்டுவிட, உப்பு துகள்களைத் திரட்டிவிடும் என்பது கருத்து. அழகான கருத்து. ஆனால் மருந்து இழையைத் தொடாமல் நேரே தங்கத்தில் ஒட்டினாலும் இதே நீலம் வரக்கூடும் என்பதால், அந்த ஐயத்தைத் தனிச் சோதனையால் விலக்காத முடிவுகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

மூன்றாவதாக, எனக்கு மிகவும் பிடித்தமான வழி ராமன் சிதறல். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்தது: ஒரு பொருளின் மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது; எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் பிணைப்புகளைப் பொறுத்தது. அதாவது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனிக் கைரேகை. அந்தப் பங்கு மிக மிகச் சிறியது என்பதுதான் தடையாக இருந்தது. 1974இல் சொரசொரப்பான வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் வழக்கத்துக்கு மாறான வலுவோடு ராமன் ஒளியைத் தருவதைப் பார்த்தார்கள். அது ஒட்டிய அளவு கூடியதால் மட்டும் வந்ததன்று, உலோகப் பரப்பே சமிக்ஞையை லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு பெருக்குகிறது என்பது 1977இல் தெளிவாயிற்று. தங்க, வெள்ளி நானோ துகள்களின் இடுக்குகளில் இந்தப் பெருக்கம் மிகுதி. 2010இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழுவினர், மெல்லிய சிலிக்கா உறை போர்த்திய தங்கத் துகள்களை ஆரஞ்சுத் தோலின் மேல் தூவி, அங்கிருந்த பாரத்தியானைக் கையடக்கக் கருவியால் கண்டு காட்டினார்கள். நிறம் மாறியதா என்று பார்ப்பதைவிட இது ஒரு படி மேல்: "ஏதோ ஒன்று" என்பதோடு நிற்காமல் இன்ன மருந்து என்றே சொல்ல முடிகிறது.

இதிலும் தயங்க வேண்டிய இடங்கள் உண்டு. பெருக்கம் உலோகப் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே தங்கத்தை விரும்பிப் பற்றும் மூலக்கூறு பளிச்சென்று தெரியும், பற்றாதது பக்கத்திலேயே இருந்தும் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளில் தைராம் என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம், அதன் கந்தகங்கள் தங்கத்தையும் வெள்ளியையும் அவ்வளவு இறுகப் பிடிக்கின்றன என்பதே. அதில் கிடைத்த அரிய முடிவை எல்லா மருந்துக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. நம் பொம்தாமூர், அதாவது தக்காளித் தோலிலுள்ள கரோட்டீன் வகை நிறமிகளும் வலுவான ராமன் ஒளி தருபவை. அவற்றின் இரைச்சலில் சிறு எச்சத்தின் குரல் அமுங்கிப்போகலாம். வேரின் வழியே செடிக்குள் ஏறிய மருந்தைத் தோலின் மேல் தூவிய துகள் பார்க்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு செய்யும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். கார்பன் புள்ளிகள், குவாண்டம் புள்ளிகள் ஆகியவற்றின் ஒளிர்வு, மருந்தோ நொதியின் விளைபொருளோ வரும்போது மங்கும் அல்லது மீளும், அதை அளக்கிறார்கள். பச்சைக் கீரையில் பச்சையமே சிவப்பாக ஒளிர்வதால் குழப்பம் வரும். அகச்சிவப்பு ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பித் தரும் துகள்கள், 980 நானோமீட்டரில் தூண்டப்படுபவை, அந்தக் குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கின்றன. சந்தைக்கு வர இதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இப்போது, கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதிக்கு வருகிறேன்: காய்கறி. "10 நானோமோலார் வரை கண்டறியும்" என்று ஒரு முறையைப் பற்றிப் படித்தால், அது பெரும்பாலும் தூய நீரிலோ தாங்கற் (பஃபர்) கரைசலிலோ அளந்தது. கார்பரில் என்ற மருந்தின் மூலக்கூறு எடை 201. எனவே 10 நானோமோலார் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். நல்ல எண்தான். ஆனால் காயிலிருந்து மருந்தைப் பிரிக்க 10 கிராம் காய்க்கு 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் சேர்த்து அரைக்கிறோம் என்று வையுங்கள். அந்தக் கரைப்பான் நொதியையும் கெடுக்கும், தங்கக் கரைசலையும் கலைக்கும் என்பதால் சாற்றை நீரில் 20 மடங்கு நீர்க்க வேண்டிவரும். உடனே கண்டறியும் எல்லை கிலோவுக்கு 40 மைக்ரோகிராமாகிவிடுகிறது. தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அதாவது தாளில் அபாரமாகத் தெரிந்த முறை, காயில் இறங்கியதும் வரம்பைப்போல் நான்கு மடங்கு எச்சத்தை மட்டுமே காணும். வேறு பல மருந்து–பயிர் இணைகளுக்கு வரம்பு இதைவிடத் தாராளமாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் இந்த முடிவு பொருந்தாது. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.

காயின் சொந்தச் சாறும் சும்மா இருக்காது. தங்கமே சேராத பழைய நொதிச் சோதனைக்கான சீனத் தேசியத் தரநிலை, 2003இல் வந்தது, வெங்காயத் தாள், பூண்டு, முள்ளங்கி, செலரி, கொத்தமல்லி, காளான், தக்காளி முதலியவற்றின் சாறு நொதியைப் பாதித்துப் பொய்யான எச்சரிக்கையைத் தரக்கூடும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் ஏழு கறிக்கும் ரசத்துக்கும் வாங்கும் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொம்தாமூரும் கொத்தமல்லியும் இல்லாமல் நமக்கு எது நடக்கும்? இத்தகைய காய்களை அரைக்காமல் முழுதாகவோ பெரிய துண்டாகவோ நனைத்து, மேற்பரப்பு நீரை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம் என்பது அதே தரநிலையின் யோசனை. அதைச் செய்தால் உள்ளே ஏறிய மருந்து கணக்கில் வராது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது.

உறுதியாகச் சொல்ல இயலாத பகுதி எது என்றும் சொல்லிவிட வேண்டும். இத்துறைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை, கடையில் வாங்கிய காயின் சாற்றிலோ குழாய் நீரிலோ மருந்தை ஆய்வாளரே கலந்து, கலந்ததில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்று காட்டுகின்றன. தோட்டத்தில் தெளித்து, வெயிலிலும் மழையிலும் நின்று, இலையின் மெழுகில் ஊறிய எச்சத்தை எடுப்பது வேறு சங்கதி. கைபேசி கேமராவால் நிறத்தை அளக்கும் வழிகளும் அப்படியே: ஒரே பெட்டி, ஒரே விளக்கு என்றால் நன்றாக வருகிறது, சந்தைக் கூரையடி வெளிச்சத்தில் அதே எண் வருமா என்பது சோதித்துக் காட்டப்பட வேண்டியது. நம் ஊர்க் கோடையின் வெப்பத்திலும் ஈரத்திலும் நொதி பூசிய பட்டை எத்தனை மாதம் தாங்கும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சட்டத்தின் முன் நிற்கக்கூடிய சோதனை இப்போதும் மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைமாலைமானிதான் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்). 2003இல் வெளியான கெச்சர்ஸ் முறையில் அசிட்டோநைட்ரைலாலும் உப்புகளாலும் மருந்துகளைப் பிரித்து, சாற்றைத் தூய்மை செய்து, குரோமட்டோகிராபியோடு இணைந்த இரட்டை நிறைமாலைமானியில் செலுத்தினால், பல நூறு மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பெயர் சொல்லி, அளவு சொல்லிக் காட்டும். அங்கும் கலந்ததில் 70 முதல் 120 விழுக்காடு வரை திரும்பக் கிடைப்பது ஏற்கத்தக்கது என்றும், முடிவில் 50 விழுக்காடு நிச்சயமின்மை உண்டு என்றும் வைத்துக்கொண்டுதான் ஐரோப்பிய ஆய்வகங்கள் வரம்பு மீறலைத் தீர்மானிக்கின்றன. சிறந்த கருவியே இவ்வளவு இடைவெளி விட்டுப் பேசும்போது, சில துளிகளில் "நஞ்சு உண்டு, இல்லை" என்று தீர்ப்புச் சொல்பவரை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மொரீஷியஸில் 2018ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டுச் சட்டம் எச்ச வரம்புகளையும் பற்றியது. அதன் கீழ் ஒருவர்மேல் புகார் சொல்ல நானோ துகள் பட்டையின் கோடு போதாது.

ஆகவே உங்கள் கோயிலுக்கு என் யோசனை இது. காணொளியில் பார்த்த சிவப்புத் திரவத்தை வாங்க வேண்டாம். கொஞ்சம் பணம் ஒதுக்க முடியுமானால், உங்களுக்குக் காய் தரும் தோட்டக்காரர் உண்மையில் தெளிக்கும் மருந்துகளின் பெயரைக் கேட்டறிந்து, அவற்றுக்கான எதிர்ப்பொருள் பட்டைகளை மட்டும் வாங்கலாம். கோடு மங்கினால் அந்தக் கூடையை ஒதுக்கிவைத்து மறு சோதனைக்கு அனுப்புங்கள். கோடு தெளிவாக நின்றால் அந்த ஒரு மருந்து அந்த அளவுக்கு மேல் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காய்க்கும் ஒரே கவலை தேவையில்லை: பூசணி, பலா, வாழைக்காய் ஆகியவற்றில் தோலைச் சீவிவிடுகிறோம், தோலோடு சேரும் பொம்தாமூர், மிளகாய், பயற்றங்காய், பிரெட் என்று இங்கே சொல்லும் கீரைகள் ஆகியவற்றில் கவனத்தை வையுங்கள். கழுவுவதன் பயனைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, அதிலும் தங்கத் துகள் ராமன் முறை பயன்பட்டது: 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார், ஆப்பிள் தோலின் மேலிருந்த தையபெண்டசோலும் பாஸ்மெட்டும் சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் நீங்கிவிட்டதையும், தோலுக்குள் இறங்கிவிட்ட பங்கு, தையபெண்டசோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு, கழுவியும் போகாததையும் காட்டினார்கள். லிட்டருக்கு 10 கிராம் சோடா என்பது அவர்கள் எடுத்த அளவு. ஆப்பிளுக்கும் இரண்டு மருந்துக்கும் கிடைத்த முடிவு அது. கீரைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும் சோதனை ஒன்று செலவில்லாமல் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துப் புட்டியின் தாளிலும், கடைசியாகத் தெளித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். கொடியேற்றத்துக்கு முன்பே தோட்டக்காரரிடம் பேசி, காவடி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தக் கணக்குப்படி தெளிப்பை நிறுத்துவதற்கு ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பண்டிகை வாரத்தில் விலை ஏறும்போது முன்கூட்டியே பறிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஐயம் நீங்காவிட்டால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்: தக்காளி அளவுள்ள காயானால் பத்து காய்க்குக் குறையாமல் ஒரு கிலோ, முட்டைகோஸ் போன்ற பெரியதானால் ஐந்து காய்க்குக் குறையாமல் இரண்டு கிலோ, கூடையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்து, கழுவாமல், எந்தத் தோட்டம், என்று பறித்தது என்ற குறிப்போடு.